அவ இன்னா சொன்னா, சொல்லு

நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பிள்ளையார்பாளையத்தில் பகல் வேளையில் ஒரு வீட்டுத் தறி மட்டும் சத்தம் நின்றுபோனால் தெருவின் காது முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். பாவு நூல் அறுந்திருக்கலாம், யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம். அறுபதுகளின் கடைசியில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நர்சம்மா வந்திருக்கிறார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை. ஏனாத்தூருக்கு அந்தண்டை ஒரு கிராமம். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் ஆனவர். குள்ளமான உருவம். வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. வெயிலோ மழையோ, அந்தக் குடை நம்மை நோக்கி வரும்போது ஆளே தெரியாது. குடை மட்டும் தானாக நடந்து வருவதுபோல இருக்கும்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்குள் ஊர் எது, குடும்பம் எது என்று விசாரித்து முடித்திருந்த என் மாமியார், சொம்பைக் கையில் கொடுக்காமல் மேலேயிருந்து ஊற்றுவதற்குத் தயாராக நின்றார். நர்சம்மா பையிலிருந்து தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினார். குடித்து முடித்து, டம்ளரை முந்தானையில் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டே, "சொல்லுங்க பெரியம்மா, மருமவ எப்டி இருக்குது?" என்றார். குரலில் கசப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த டம்ளரை அவர் எந்த வீட்டிலும் மறந்து வைத்துவிட்டுப் போனதில்லை என்பதைப் பிறகு கவனித்தேன்.

அரசாங்கம் அவரை அனுப்பியது வேறு வேலைக்கு. சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம் அது. லூப் போட்டுக்கொள்ளுங்கள், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். குடையைக் கண்டதுமே பெண்கள் பின்கட்டுக்கு ஓடுவார்கள். ஆண்கள் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார்கள்.

"இன்னொரு புள்ள வேணுமான்னு கேட்டா பொண்டாட்டி புருஷன் மூஞ்சியப் பாக்குது, புருஷன் கதவப் பாக்குறான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒரே பாய்ல படுக்கறவங்கமா! இதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல. இவங்களுக்கு நான் இன்னாத்த எடுத்துச் சொல்றது? மொதல்ல அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பேச வைக்கப் போனவரிடம், பேசாமல் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. கொஞ்ச நாளில், குடையைக் கண்டு ஓடிய பெண்களே குடை எப்போது வரும் என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் எங்கள் தெருவில் வழக்கம் ஒன்று உண்டு. பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். யார் மேல் தப்பு என்று கண்டுபிடிப்பார்கள். தப்பு செய்தவர் தலையைத் தொங்கப் போடுவார், மற்றவர் ஜெயித்த முகத்தோடு எழுந்திருப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அடுத்த சண்டைக்கு அந்தத் தீர்ப்பே காரணமாக இருக்கும்.

நர்சம்மா யார் மேல் தப்பு என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. பொறுத்துப் போ, விட்டுக் கொடு என்றும் சொல்ல மாட்டார். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. பேசி முடித்ததும், "அவ இன்னா சொன்னா, சொல்லு" என்பார். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால்தான் இவருக்குப் பதில் பேச முறை வரும். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஆபரேஷன் ரூம்ல" என்றார். டாக்டர் ஒரு மருந்தின் பேரைச் சொன்னால், நர்ஸ் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டுமாம். "காதுல ஒண்ணு விழுந்து கையில வேற ஒண்ணு போயிட்டா உசுரு போயிடும் இல்ல?"

கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். அதைச் செய்து பார்ப்பவர்களைப் பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தினமும் குழம்பில் உப்பில்லை என்று சண்டை. தட்டு பறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அவர் மனைவி கோபித்துக்கொண்டு ஓரிக்கையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதும், திரும்பி வருவதுமாக இருந்தாள். ஒரு மத்தியானம் நர்சம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். நான் தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். வெட்கப்படவில்லை, தெருவே நின்றுகொண்டிருந்தது.

"வூட்டுக்கு வந்தா இவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்லமா" என்றாள் அவள். "வேல எப்டி இருந்துச்சு, நீ சாப்ட்டியா, ஒண்ணும் கெடையாது. உப்பு இல்லன்னா மட்டும்தான் பேசறாரு. அதனாலதான் நான் உப்பு போடறதில்ல."

"அவ இன்னா சொன்னா, சொல்லுப்பா."

"வேணும்னே உப்பு போடலையாம்! கேட்டீங்களாமா? வேணும்னே!"

"அது பாதி. மீதிய சொல்லு."

"மீதி இன்னா? என்ன அலைய வெக்கணும்னு செய்யறா."

"அப்டியா சொன்ன?" என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். "திரும்பச் சொல்லுமா. நீ கேளுப்பா."

அவள் திரும்பச் சொன்னாள். அவர் மறுபடியும் தப்பாகச் சொன்னார். நர்சம்மா சலிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்த முறை அந்த மனிதர் ஆரம்பித்தார். "நான் வூட்டுக்கு வந்தா பேசறதில்லையாம். உப்பு இல்லன்னா மட்டும்..." அதோடு நின்றுவிட்டது. வெகு நேரம் கழித்து, வேறு யாருடையதோ போன்ற குரலில், "நான் பேசணும்னுதான் உப்பு போடல" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். "அதான் சொன்னேன்."

அந்த வீட்டில் பிறகும் சண்டை வந்தது. ஆனால் உப்புக்காக வரவில்லை. சாயங்காலமானால் அவர் நூல் கொதிக்கும் அண்டாவைப் பற்றியும், மேஸ்திரியைப் பற்றியும் கத்திக் கத்திப் பேசுவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என் மாமியாருக்கு அது தட்டு பறந்த சத்தத்தைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது.

ஊராருக்குச் சொல்கிற இந்த அம்மாள் தன் வீட்டில் எப்படி இருப்பார் என்று எங்களுக்கெல்லாம் ஒரு ஆசை. ஒருநாள் மார்க்கெட்டில் அதையும் பார்த்தேன். அவருடைய கணவர் ரயில்வே கேட்டில் வேலை செய்தவர், ஒல்லியாக உயரமாக இருப்பார். காய்கறிக் கடை முன்னால், நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், அவர் நர்சம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம கூடவா? ஊர்ல இருக்கற புருஷன் பொண்டாட்டியெல்லாம் உங்கிட்ட பேசிட்டாங்க. நான் எப்ப பேசறது?"

நர்சம்மாவின் முகம் சிவந்துபோனது. பதில் சொல்ல வாய் திறந்தார். அந்தப் பதில் சூடாகத்தான் இருந்திருக்கும், கையிலிருந்த பை ஆடியதிலிருந்தே தெரிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, "ஊர்ல எல்லாருக்கும் எங்கிட்ட நேரம் இருக்குது. உனக்கு மட்டும் இல்லன்ற. அதானே?" என்றார்.

"அதான்."

"சரி. இப்ப நான் சொல்றேன், நீ கேளு."

கத்திரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்ல, அந்த உயரமான மனிதர் குனிந்து கேட்டு, முறைத்துக்கொண்டே திருப்பிச் சொன்னார். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பு போய்விட்டது. நமக்கு ஒரு மருந்தைக் கொடுத்தவர், அதே கசப்பு மருந்தை எல்லார் முன்னாலும் தானும் விழுங்கிக் காட்டியதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எந்தத் தெருவுக்கும் வரவில்லை.

அவர் மேல் எனக்கு வந்த பிரமிப்பில் கொஞ்சம் பயமும் கலந்தது ஜரிகை வியாபாரி வீட்டு விஷயத்தில்தான். தெருமுனையில் மாடி வீடு. படித்த மனிதர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். அவரே ஆள் அனுப்பி நர்சம்மாவை வரவழைத்தார். மனைவிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். நர்சம்மா உள்ளே போய், அந்தப் பெண்ணோடு மட்டும் சமையல்கட்டில் சற்று நேரம் இருந்தார். வெளியே வந்தபோது வாசலில் நாங்கள் பலபேர் நின்றிருந்தோம்.

"உக்காருங்க, பேசலாம்" என்றார் வியாபாரி.

"பேச ஒண்ணும் இல்லைங்க" என்றார் நர்சம்மா. "அந்தம்மா கையத் தூக்க முடியல. முதுகப் பாத்தேன். அடிக்கிறவங்க எதிர்ல உக்காந்துக்கினு யாரும் உண்மைய பேச மாட்டாங்க."

"அது எங்க குடும்ப விஷயம். உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்? சேர்த்து வைக்கத்தானே?"

"அதுக்கு நான் ஆள் இல்லைங்க."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "வாம்மா" என்றார். அந்தப் பெண் வந்தாள். கைக்குழந்தையை நர்சம்மா தன் இடுப்பில் வாங்கிக்கொண்டார். நல்ல வெயில். குடையை விரித்து அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவாக நடந்து, அவளுடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒரு தறியும் ஓடவில்லை. வழிமறிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. தையல் கற்றுக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே பிள்ளையை வளர்த்தாள்.

குடும்பத்தைப் பிரிக்கிறவள் என்று பேச்சு கிளம்பியது. கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. என் மாமியார், "இனிமே அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். ஒருநாள் குழாயடியில் நர்சம்மாவைப் பார்த்தபோது, இதற்கெல்லாம் வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. இல்லாம இருக்குமா?" என்றார். "ஆனா சேத்து வெக்கிறதும் என் வேல இல்ல, பிரிக்கிறதும் என் வேல இல்ல. ரெண்டு பேரும் பயப்படாம பேசணும், அவ்ளோதான். பயம் இருக்கற வூட்ல நான் இன்னா பேச வெச்சாலும் அது பொய்யாத்தான் இருக்கும்."

சில வருஷங்களில் அவருக்கு அரக்கோணம் பக்கம் மாற்றலாகிவிட்டது. அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் போவதற்கு முன்பு எங்கள் வீட்டு வாசற்படியை அவர் மறுபடி மிதித்தார். கூப்பிட்டது நான்தான்.

எங்களுக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் காலையில் பிறந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. என்னிடம் ஒருமுறைதான் காட்டினார்கள். என் கணவர் தன்னுடைய புது வேட்டியைக் கிழித்துச் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். எங்கே கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் கேட்கிற வழக்கம் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அழவும் இல்லை. விடிந்தால் தறிக்குழியில் இறங்குவார். நான் தார் சுற்றிக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தறியை விட்டு எழுந்து எங்கேயோ போவார். இருட்டிய பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். எங்கே போகிறார் என்று மாமியாரிடம் கேட்டேன். "ஆம்பளைன்னா நாலு எடம் போவான் வருவான்" என்றார். அந்தப் பதில் என்னைத் தின்றது. வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம், திரும்பி வரவே வேண்டாம் என்று முடிவுசெய்து துணிகளை மடித்து வைத்தேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் வந்தார். என் மாமியாரைப் பார்த்து, "பெரியம்மா, கொஞ்ச நேரம் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார். அவர் சொன்ன தோரணையில், மாமியார் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

என் கணவர் தறிக்குழியை விட்டு மேலே வரவில்லை. கூப்பிட்டும் தலை நிமிரவில்லை. நர்சம்மா வற்புறுத்தவில்லை. "சரிப்பா, அங்கயே இரு. கைல நூல வெச்சுக்கினே கேளு" என்று தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"கொழந்த போனதுல இவருக்கு ஒண்ணும் இல்லமா" என்றேன். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சாயங்காலமானா எங்கியோ போயிடறாரு. எங்க போறீங்கன்னு கேக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது."

"அவ இன்னா சொன்னா, சொல்லுப்பா."

அவர் நூலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் இல்லன்றா. நான் எங்கியோ போறேன்றா" என்றார்.

"இன்னும் ஒண்ணு சொன்னா."

"பயமா இருக்குதுன்றா." சொன்னதும் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எதுக்குப் பயம்?"

"இரு. அவரு சொன்னது சரியாமா?" நான் தலையாட்டினேன். "இப்ப நீ பேசுப்பா."

அவர் பேசவில்லை. நர்சம்மா அந்த மௌனத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. தெருவில் தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போன சத்தம் தேய்ந்து மறையும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

"நான் அழுதா அவளும் அழுவா, பச்ச ஒடம்பு, அவ எதிர்ல அதப் பத்தி வாயே தெறக்காதன்னு அம்மா சொல்லிச்சு" என்றார் என் கணவர். "அதான் பேசல. பேசினா அந்தப் பேச்சுதான் வரும்." கையிலிருந்த நூலை முறுக்கினார். "சாயங்காலம் ஆத்துக்குப் போறேன். அங்கதான் வெச்சேன். மணலு. நாய்ங்க தோண்டிடுமோன்னு தெனம் போயி கல்லு வெச்சுக்கினு இருக்கறேன்."

"நீ சொல்லுமா. அவரு இன்னா சொன்னாரு?"

என்னால் முடியவில்லை. எனக்காக நர்சம்மா அதைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காத்திருந்தார். கடைசியில் நான், "கல்லு வெக்கறாரு" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா" என்றார் என் கணவர். அதற்குப் பிறகு நூலை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நர்சம்மா எழுந்தார். பையை எடுத்தார், குடையை எடுத்தார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் நான் வியப்பது அதைத்தான். இரண்டு பேரைப் பேச வைக்க எத்தனையோ பேருக்குத் தெரியலாம். பேச்சு வந்துவிட்ட அந்த நிமிஷத்தில் எழுந்து போகத் தெரிந்த ஒருவரை நான் அப்புறம் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் நானும் வருகிறேன் என்றேன். "பொம்பள அந்த எடத்துக்கெல்லாம் போகக் கூடாது" என்று மாமியார் வாசலை மறித்தார். தன் அம்மாவை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத என் கணவர், "நான் கூட்டிக்கினு போறேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாமியார் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

வேகவதி ஆற்றில் தண்ணீர் இல்லை. கரையோரம் ஒரு வேலமரத்துக்குக் கீழே உடைந்த செங்கல்லும் கருங்கல்லுமாக ஒரு சின்ன மேடு. இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல், அவர் நெய்கிற பட்டுப் புடவையைப்போல அவ்வளவு கவனமாக அடுக்கியிருந்தார். அங்கே போனால் கதறிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் என் கையைப் பிடித்து மேட்டின் ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"தல இந்தப் பக்கம்" என்றார்.

நான் குனிந்து, காலடிப் பக்கமாகப் போய், கல்லை மெதுவாக வைத்தேன்.